தணலியின் இடது தோள்

பாப்பா,

என் போனிலிருந்து போகிற எதுவும் உனக்கு வந்து சேர்வதில்லை. ஆறு மாதமாக ஒற்றை டிக்கோடு நிற்கிறது. நீ என்னை பிளாக் செய்திருக்கிறாய் என்று ஹாஸ்டல் பெண்கள்தான் விளக்கினார்கள். அதுவரை உன் போனில் ஏதோ கோளாறு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பெனி உன்னை இரண்டு வருடத்துக்கு வியட்நாம் அனுப்புகிறது, திங்கட்கிழமை கிளம்புகிறாய் என்பதையும் நம் குடும்ப குரூப்பில் நீ போட்ட ஒரு வரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எல்லோரும் கட்டைவிரலும் கைகூப்பலும் போட்டார்கள். நானும் ஒரு கைகூப்பல் போட்டேன். பெற்றவளுடையது பதினேழாவதாக நின்றது.

அதனால்தான் இதைக் காகிதத்தில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, அதே குரூப்பில் போடப்போகிறேன். உன் அத்தை படிப்பாள், சித்தப்பா படிப்பார், அப்பாவும் படிப்பார். படிக்கட்டும். உன் உடம்பில் இருக்கிற தழும்பு எப்படி வந்தது என்று நான் உனக்குச் சொன்னது பொய். இருபத்திரண்டு வருடமாக உனக்கும் உன் அப்பாவுக்கும் கேட்ட எல்லோருக்கும் அதே பொய்யைத்தான் சொல்லி வந்தேன். ஊருக்கே சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் ரகசியமாகத் திருத்திவிட்டு நல்ல பேர் வாங்க எனக்கு மனம் வரவில்லை. படித்த பிறகு நீ என்னை அம்மா என்று கூப்பிடாமலே போகலாம். உன் அப்பா என்ன செய்வார் என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் நீ நம்பிக்கொண்டிருப்பதை அப்படியே நம்பிக்கொண்டு விமானம் ஏறக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நேராக விஷயத்துக்கு வரவேண்டியதுதானே என்று நினைப்பாய். முடியவில்லை. நான்கு நாளாக உட்கார்கிறேன், அந்த வரிக்கு வந்ததும் எழுந்துபோய்த் துணி துவைக்கிறேன். அதனால் எனக்கு எழுத வருகிற இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்.

ஒரகடத்தில் நான் வார்டனாக இருக்கிற ஹாஸ்டலில் எழுபது பெண்கள். பாதிப் பேர் தெற்கத்திப் பெண்கள், எல்லோரும் ஏதாவது ஒரு கம்பெனி லைனில் நின்று வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு நான் போட்டிருக்கிற முதல் சட்டம் உனக்கே தெரியும். நைட்டியோடு கேட் பக்கம் வந்தால் தோளில் துண்டு இருக்க வேண்டும். தண்ணீர் கேன் எடுக்க வந்தாலும் சரி, பார்சல் வாங்க வந்தாலும் சரி. "துண்டு எங்கடி?" என்பதுதான் காலையில் என் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை. ஒருத்தி ஒருநாள் குளியலறைக் கதவின் மேல் துண்டை விரித்துப் போட்டுவிட்டு, "வார்டனம்மா, கதவுக்கும் துண்டு போட்டுட்டேன், இனிமே யாரும் தப்பாப் பாக்க மாட்டாக" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவளிடம், "உன் துண்டு எங்கடி?" என்றேன். நான் அப்படிப்பட்ட ஆள். அந்தச் சட்டத்தை நான் முதலில் எழுதியது ஹாஸ்டல் சுவரில் இல்லை, உன் மேல்தான்.

உன் இடது பக்கக் கழுத்தடியில் தொடங்கி, தோளில் அகலமாகி, விலாவில் இறங்கி இடுப்பு வரை போகிற அந்தத் தழும்பை உன்னைவிட நான்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். தையல்காரரிடம் கழுத்தை ஏற்றி வைக்கச் சொன்னேன், கையை முழங்கைக்குக் கீழே இறக்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் போய் உனக்கு மட்டும் முழுக்கைச் சட்டைக்கு அனுமதி வாங்கினேன். துப்பட்டாவுக்கு இரண்டு பக்கமும் பின் குத்தி அனுப்பினேன். ஆறாம் வகுப்பில் இருக்கும்போது, மே மாத வெயிலில் ஷேர் ஆட்டோவுக்குள் நசுங்கிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் போகும்போது நீ கேட்டாய், "மா, வேர்க்குது, இத எடுத்துடட்டுமா?" நான் காதோடு காதாகச் சொன்னேன், "எடுத்தா எல்லாரும் பாப்பாங்க. எப்டி ஆச்சுன்னு கேப்பாங்க. இன்னா சொல்வ?" "நான்தான் கஞ்சிப் பானைய இழுத்துக்கினேன்னு சொல்லிடறேன்" என்றாய். "அத ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிக்கினு இருப்பியா? பேசாம உக்காரு" என்றேன். பின் குத்திய இடத்தில் வியர்வை ஊறி உன் கழுத்தில் அரிப்புக் கண்டது, வீட்டுக்கு வந்து பவுடர் போட்டுவிட்டேன். அதையும் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நீ டிப்ளமோ படித்தாய், வேலைக்குப் போனாய், வார லீவு நாளில் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு போனைப் படுக்கவைத்து இரண்டு கட்டைவிரலாலும் தட்டிக்கொண்டே இருப்பாய். ஒரு நாள் சோறு போட்டுவிட்டுக் கூப்பிட வந்தவள் எட்டிப் பார்த்தேன். பாறை மேல் ஒருத்தி நிற்கிறாள். கையில் தன் உயரத்துக்கு ஒரு கோடாரி. மார்பில் ஒரு பட்டை, இடுப்பில் கைக்குட்டை அளவுக்கு ஒரு தோல் துண்டு, அவ்வளவுதான் துணி. "யாருடி இவ, அம்மணமா நிக்கிறா?" என்று கேட்டேன். நீ திரும்பிச் சிரித்தாய். "நான்தாம்மா. பேரு தணலி" என்றாய். அந்த விளையாட்டில் ஒவ்வொருவரும் தனக்கு ஒரு ஆளை உருவாக்கிக்கொள்ள வேண்டும், முகம், முடி, தோல், உடை எல்லாம் நம் இஷ்டம், பிறகு அந்த ஆளாகவே பேசி, சண்டை போட்டு, ஊர் ஊராகத் திரிய வேண்டும் என்றெல்லாம் விளக்கினாய். என் காதில் எதுவும் ஏறவில்லை. "அவ்ளோ துணி இருக்கும்போது இதுதான் கெடைச்சுதா?" என்றேன். "இரும்புச் சட்டையும் இருக்கும்மா. அது போட்டாலும் இது போட்டாலும் அடி ஒரே மாதிரிதான் விழும். இது நானா எடுத்தது" என்றாய்.

"எவனெவனோ பாப்பானே" என்றேன். "பாக்கறான்தான். வாய்க்கு வந்ததப் பேசறான், பிளாக் பண்றேன். அவன் பாக்கறதுக்கு நான் இதப் போடலம்மா" என்று சொல்லிவிட்டு, விரலால் அந்தப் படத்தைப் பெரிதாக்கினாய். "இங்க பாரேன். இந்த எடத்த மட்டும் பாரேன்" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "சீ, எடுத்துக்கினு போ, சோறு ஆறுது" என்றேன். நீ இன்னொரு முறை கேட்கவில்லை. ஒரு மகள் பெற்றவளிடம் காட்ட நினைத்த ஒன்றை நான் பார்க்க மறுத்த நிமிடம் அது. நான் அன்றைக்கு ஒரே ஒரு முறை பார்த்திருந்தால் பின்னால் நடந்தது எதுவும் அந்த மாதிரி நடந்திருக்காது என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அடுத்த வருடம் பிள்ளைப்பாக்கத்திலிருந்து அந்தச் சம்பந்தம் வந்தது. பையன் டயர் கம்பெனியில் சூப்பர்வைசர், சொந்த வீடு, மரியாதையான ஆட்கள் என்று உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தழும்பைப் பற்றி அவர்களிடம் சொல்லிவிடலாம் என்று நீ சொன்னாய். நான்தான் தடுத்தேன். "கல்யாணம் ஆவட்டும், அப்புறம் தெரிஞ்சுக்கட்டும். தாலி ஏறினப்புறம் இன்னா பண்ணிடுவான்?" என்றேன். உன் மேல் கோபம் வருகிறபோதெல்லாம் நீ பொய் சொல்கிறாய் என்று திட்டியவள்தான் இதையும் சொன்னேன். வல்லக்கோட்டையில் தட்டு மாற்றினோம். அன்றைக்கு மாப்பிள்ளையின் தம்பி உன்னிடம், "அண்ணி, நீங்க கேம் ஆடுவீங்களாமே, பேரு இன்னா?" என்று கேட்டபோது நீ எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். உன் புது வீட்டில் தணலியைத் தெரிந்த ஒரு ஆள் இருக்கிறான் என்று நினைத்திருப்பாய்.

நிச்சயம் முடிந்ததும் அவர்கள் வீட்டு ஆட்களையும் நம் குரூப்பில் சேர்த்திருந்தோம். பத்து நாள் கழித்து மாப்பிள்ளையின் தம்பி தணலியின் படத்தை அதில் போட்டான். கீழே, "எங்க அண்ணி கேம்ல இப்படித்தான்" என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற நான்கு பொம்மை முகங்கள். அவன் விளையாட்டாகத்தான் போட்டான் என்று இப்போது தோன்றுகிறது. அதற்குக் கீழே பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். பொண்ணு வெளியிலும் இப்படித்தான் திரியுமா என்று ஒருத்தர். அந்தப் படத்தில் இடது தோளிலிருந்து இடுப்பு வரை செந்நிறத்தில் ஏதோ நெளிநெளியாக இருந்தது. "இன்னா அது, பச்சை குத்திக்கினுகீதா?" என்று மாப்பிள்ளையின் பெரியம்மா குரலில் பேசி அனுப்பினாள். நானும் அதைப் பச்சை என்றுதான் நினைத்தேன். துணியும் இல்லை, பச்சை வேறா என்று எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. உன்னைப் பெற்று, அந்த இடத்தை இருபது வருடம் தினமும் பார்த்து, பின் குத்தி மூடிய நான், அது என்ன என்று தெரியாமல் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நான்கு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. காபியைத் தொடவில்லை. பெரியம்மாதான் பேசினாள். "ஒன்னும் தப்பா எடுத்துக்காதீங்க. எங்க கண்ணு முன்னாடி அத அழிச்சுட சொல்லுங்க. அதோட வுட்டுடலாம்." உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ என்னைப் பார்த்தாய். "மா, ஆறு வருஷம்மா" என்றாய். எனக்கு அப்போது இருந்தது ஒரே எண்ணம், இந்தப் பேச்சு படத்தோடு நின்றுவிட வேண்டும், உடம்பு வரைக்கும் வந்துவிடக் கூடாது. "அழிடி" என்றேன். நீ அசையவில்லை. "அழின்னு சொல்றேன் இல்ல" என்று கத்தினேன். அழிக்க வேண்டுமானால் அந்த ஆளின் பெயரை நாமே முழுதாக அடித்துக் கொடுக்க வேண்டுமாம். நீ ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாய். பெரியம்மா எழுந்து வந்து உன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பாறை மேல் நின்றவள் மறைந்து, அங்கே வெறும் பாறை இருந்தது.

"ம், இப்ப சரி" என்று அவள் உட்காரப் போனபோதுதான் நீ அதைச் செய்தாய். துப்பட்டாவின் பின்னைக் கழற்றி மேஜை மேல் வைத்தாய். சுடிதாரின் கழுத்தை இழுத்து இடது தோளைத் திறந்து காட்டினாய். "படத்துல நீங்க பச்சைன்னு சொன்னது இதான். எனக்கு இருக்கறது அவளுக்கும் இருந்திச்சு" என்றாய். எனக்கு அப்போதுதான் விளங்கியது, அன்றைக்கு நீ போனை நீட்டி எந்த இடத்தைப் பார்க்கச் சொன்னாய் என்று. விளங்கிய அந்த நிமிடத்திலாவது நான் மனுஷியாக நடந்திருக்க வேண்டும். பெரியம்மா என் பக்கம் திரும்பி, "எப்டி ஆச்சு இது?" என்று கேட்டாள். என் வாய், பழகிய வாய், தானாகத் திறந்தது. "நாலு வயசுல, அவளேதான் கஞ்சிப் பானைய இழுத்து மேல கொட்டிக்கினா. அப்பவே அடங்காது" என்றேன். நீ மறுக்கவில்லை. "ஆமா, என் தப்புதான்" என்றாய். மறைத்துவிட்டீர்கள் என்று அவர்கள் எழுந்து போனார்கள். நீ பையை எடுத்துக்கொண்டு உன் தோழியின் அறைக்குப் போனாய்.

நான் உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. இரண்டு மாதம் உன் மேல் கோபமாகத்தான் இருந்தேன். கைக்கு வந்த வாழ்க்கையை ஒரு பின்னைக் கழற்றித் தொலைத்துவிட்டாள் என்று உன் அத்தையிடம் புலம்பினேன். ஹாஸ்டலில் துண்டுச் சட்டத்தை இன்னும் இறுக்கினேன். சாயல்குடிப் பக்கத்திலிருந்து வந்து தங்கியிருக்கிற முத்துச்செல்வி என்ற பெண் ஒருநாள் மதியம், செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் என் அறை வாசலில் தயங்கித் தயங்கி நின்றாள். மேஜையில் இருந்த உன் போட்டோவைக் காட்டி, "வார்டனம்மா, ஒன்னு கேட்டா வைய மாட்டீகளே? தணலி அக்கா ஒங்க மகளா?" என்றாள். அவளும் அந்த விளையாட்டில் உன் கூட்டத்தில் இருந்தவளாம். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்திருக்கிறாளாம். "அக்கா திடீர்னு இல்லாமப் போயிட்டாக. நாங்க ஏன்னு தெரியாம அழுதோம்மா" என்றாள்.

அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டச் சொன்னேன். முதலில் அந்த விளையாட்டில் திரிகிற மற்ற பெண் உருவங்களைப் பார்த்தேன். எத்தனையோ அரைகுறை ஆடைகள். அதில் பாதிக்குப் பின்னால் இருப்பது ஆண்பிள்ளைகள் என்றாள். பொம்மைக்கு உடுத்துவது மாதிரி உடுத்தி ரசிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை, உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அவள் தணலியின் பழைய படம் ஒன்றைக் காட்டினாள். இந்த முறை நான் முகத்தைத் திருப்பவில்லை. கழுத்தடியில் அந்தச் சிறு சுருக்கம், தோளில் தீவு மாதிரி ஒரு வழவழப்பு, விலாவில் இரண்டாகப் பிரிந்து இடுப்பில் முடிகிற வால். எதையும் நீ விடவில்லை. கண்ணாடி முன்னால் எத்தனை நாள் நின்று பார்த்து இதை வரைந்திருப்பாய். மறைக்கிற துணி எதைப் போட்டாலும் அது தெரியாது. அதனால்தான் நீ அந்தத் துணியை எடுத்தாய். எனக்குத் துணி தெரிந்த இடத்தில் உனக்குத் தோள் தெரிந்திருக்கிறது.

நீ போன பிறகு உன் கூட்டத்தார் முப்பது பேர் அந்தப் பாறையில் கூடி, தங்கள் ஆட்களின் இரும்புச் சட்டைகளைக் கழற்றி, இடது பக்கத்தில் உன் தழும்பை வரைந்துகொண்டு நின்றார்களாம். அந்தப் படத்தையும் காட்டினாள். ஆணும் பெண்ணும், கொம்பு முளைத்தவனும் வால் முளைத்தவனும் எல்லோரும் உன் தழும்போடு நிற்கிறார்கள். ஒருவர் முகத்தையும் நீ நேரில் பார்த்ததில்லை. பெற்றவள் வீட்டில் ஒருத்தர் உன் பக்கம் நிற்கவில்லை.

கடைசியாக அவள் தணலியின் கதையைப் படித்துக் காட்டினாள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு முன்கதை எழுதி வைக்க வேண்டுமாமே. நீ எழுதியதை யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். தணலி பிறந்த ஊரில் ஒரு நெருப்பு ஊற்று இருந்தது, தொடாதே என்று அவள் தாய் நூறு முறை சொன்னாள், அவள் கேட்காமல் அதை இழுத்துத் தன் மேல் கொட்டிக்கொண்டாள் என்று ஆரம்பித்தது. தாய்க்கு வெட்கம் வரக் கூடாது என்று அவள் வளர்ந்த வரைக்கும் மூடிக்கொண்டே இருந்தாளாம். இங்கே தாய் இல்லை, அதனால் மூடுவதில்லையாம். "தப்பும் என்னுடையது, தழும்பும் என்னுடையது" என்று முடித்திருந்தாய். முத்துச்செல்வி, "எம்புட்டு நல்லா எழுதியிருக்காக பாருங்க" என்றாள். நான் அவளை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸிடம் நான் அவசரத்தில் சொன்ன ஒரு பொய் உன் மனசுக்குள் போய், வளர்ந்து, நீ போகிற கற்பனை ஊருக்கும் முன்கதையாகிவிட்டது. வேறு எந்தப் பிறவி வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சொன்ன இடத்திலும் நீ குற்றவாளியாகத்தான் பிறந்திருக்கிறாய்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் தூரத்துக்குப் போகிறவளிடம் இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க வாய் விடாது. அங்கே யார் என்ன உடுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு உனக்குப் பிடித்ததை உடுத்து. வேர்த்தால் துப்பட்டாவை எடுத்துவிடு. எப்படி ஆயிற்று என்று யாராவது கேட்டால், பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு கெட்ட காரியம் உன்னால்தான் நடந்தது என்று யாராவது சொன்னால், அப்படிச் சொல்கிறவள் அப்போது எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று கேள். ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்தால் தூங்கிவிட்டுச் சமை. தூக்கக் கலக்கத்தோடு அடுப்புப் பக்கம் போகாதே.

இனி சொல்லிவிடுகிறேன். உனக்கு நான்கு வயது. நான் காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தேன். அந்த மாதம் முழுக்க எனக்கு ராத்திரி ஷிஃப்ட். ராத்திரியில் நீ அப்பாவோடு இருப்பாய், காலை ஏழுக்கு என்னைக் கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் அவர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போவார். அதற்கு முந்தைய மாதம்தான் நான் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனதில் நீ படியில் விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டாய். உன் அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார், "இன்னொரு வாட்டி தூங்கி வழிஞ்சு புள்ளைக்கு எதுனா ஆச்சு, அன்னியோட வேலைய வுட்டுடணும்." எனக்கு அந்த வேலை உயிர். கழுத்தில் கார்டு மாட்டிக்கொண்டு பஸ் ஏறும்போது மட்டும்தான் நான் ஒரு ஆள் என்று எனக்கே தோன்றும். உன்னிடம் இதை இதற்குமுன் சொன்னதில்லை.

அன்றைக்குக் காலை அவர் போன பிறகு உலை வைத்தேன். அப்போது நம் வீட்டில் அடுப்பு தரையில்தான். சோறு வெந்ததும் பலகையில் உட்கார்ந்து, பானையின் வாயில் தட்டை வைத்து, துணியால் பிடித்துச் சாய்த்துக் கஞ்சி வடிக்க ஆரம்பித்தேன். ராத்திரி முழுக்க என்னைக் காணாமல் இருந்தவள் நீ, பாயிலிருந்து எழுந்து வந்து என் தொடையில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாய். தள்ளிப் படு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, எனக்கு அது சுகமாக இருந்தது. கஞ்சி விழுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டது. கண் செருகியது. கை தளர்ந்தது. பானை உன் பக்கம் சாய்ந்துவிட்டது. நீ அலறித்தான் நான் விழித்தேன். என் தொடையிலும் அதே கஞ்சி பட்டது. உன்னைத் தூக்கப் போனபோது பட்டதாக உன் அப்பாவிடம் சொன்னேன். நீ நின்றுகொண்டு இழுத்திருந்தால் என் தொடை எப்படி வெந்திருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. அவர் என்னை நம்பினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சீட்டில் எழுதிக்கொண்டே, "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டாள். உன் அப்பா அப்போதுதான் ஆட்டோவை நிறுத்திவிட்டு மூச்சு வாங்க உள்ளே வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் நான் சொன்னேன், "பானைய இழுத்துட்டா." நர்ஸுக்கு என்ன தோன்றியதோ, எழுதுவதை நிறுத்திவிட்டு உன் பக்கம் குனிந்தாள். "ஏன் கண்ணு, நீயா இழுத்த?" என்றாள். நீ அழுது அழுது குரல் போய்க் கிடந்தாய். கண்ணைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாய். நீ விழித்துக்கொண்டு படுத்திருந்தவள், நடந்தது உனக்குத் தெரியும். என் முகத்தில் அப்போது என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் நீ அதைப் படித்துவிட்டாய். "ஆமா, நான்தான்" என்றாய். நான்கு வயதுப் பிள்ளை, உடம்பு வெந்து கிடக்கிறபோது, அம்மாவை யாரும் திட்டிவிடக் கூடாது என்று பொய் சொன்னாய். நான் மறுநாள் மாலை வேலைக்குப் போனேன். நீ சொன்னது பொய் என்று அன்றைக்கு இரண்டு பேருக்குத் தெரியும். நான் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, அதில் ஒருத்தியை மறக்க வைத்துவிட்டேன்.

நீ எதையும் இழுக்கவில்லை, பாப்பா. என் மடியில் படுத்திருந்தாய்.